ஆண்டவர் பேசினார் என்று நான் சொன்னது

அன்பு மகன் சவரிக்கு,

இன்று ஞாயிறு. நம் கோயிலில் உன் கல்யாண ஓலையை இரண்டாம் முறை வாசித்த நாள். பூசை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். காலையில் கோயிலுக்குள் நடந்தது நாளைக்குள் குமுளியில் உன் காதுக்கு வந்துவிடும். உன் பெரியப்பா போன் போடுவார். இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். அவரவர் வாயில் அது எப்படி மாறும் என்று எனக்குத் தெரியாது. அதனால் முதலில் என் கையெழுத்தில் நீ படிக்க வேண்டும். பங்குச்சாமியார் நாளைக் காலை குமுளி வழியாகப் போகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். உன்னிடம் சேர்ந்த பிறகு, செவ்வாய்க்கிழமை, இதன் நகல் ஒன்றைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். தகப்பன் மகனுக்கு எழுதுவதை ஊர் ஏன் படிக்க வேண்டும் என்று உனக்குக் கோபம் வரலாம். நான் உனக்குச் செய்ததை ஊர் முன்னால்தான் செய்தேன். அதை ஒத்துக்கொள்வதும் ஊர் முன்னால்தான் நடக்க வேண்டும்.

1996-இல் நீ பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தாய். மாட்டு டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்றாய். கோம்பையில் உன் தாய்மாமா வீட்டு நாயைக் காட்டுப்பன்றி கிழித்துப்போட்டபோது, மாட்டு டாக்டர் தையல் போட்டு முடிக்கும்வரை அதன் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தவன் நீ. வீட்டுக்கு வந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய். எனக்கு அது காதில் ஏறவில்லை. நீ சாமியாராக வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஆசைக்குப் பின்னால் இருந்ததை உனக்கு நான் சொன்னதே இல்லை. சாமியாராகப் படிக்கக் குருமடத்துக்குப் போய், பத்தொன்பது வயதில் திரும்பி வந்தவன் நான். நிலத்தைப் பார்க்க ஆளில்லாமல் வீட்டில் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்றுதான் உன் அம்மாவிடம்கூடச் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் அங்கிருந்த அதிபர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு ஆண்டவரின் அழைத்தல் இல்லை, போய் வேறு வேலையைப் பார் என்று சொல்லி அனுப்பினார். அப்புறம் பள்ளிக்கூடத்து வாத்தியாரானேன், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தினேன், ஊரில் மரியாதை கிடைத்தது. ஆனால் அந்த அதிபரின் முகம் என்னை விட்டுப் போகவில்லை. உன்னைக் காட்டி அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மூன்று நாள் சாயங்காலம் நாம் இரண்டு பேரும் சண்டை போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? மூன்றாம் நாள் நீ கேட்டாய்: "ஆண்டவருக்கு நான் வேணும்னா அவரே எங்கிட்டச் சொல்லட்டும்ப்பா. எதுக்கு உங்ககிட்டச் சொல்லிவிடுறாரு?" கையை ஓங்கினேன். உன் அம்மா நடுவில் வந்து நின்றாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து உனக்குக் காய்ச்சல் வந்தது. சின்னமனூரில் காட்டி, கேட்காமல், தேனிக்குக் கொண்டுபோனோம். மூளைக்காய்ச்சல் என்றார்கள். இரண்டு நாள் உனக்கு நினைவு இல்லை. மூன்றாம் நாள் உச்சி வெயிலில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "இன்னைக்குப் பொழுது தாண்டணும் சார், அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல முடியாது" என்றார். நான் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் போனேன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த கொட்டகைக்குப் பக்கத்தில் மண்ணில் முழங்கால் போட்டேன். குழாயடியில் ஒரு அம்மா தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பேசுங்க ஆண்டவரே, ஏதாச்சும் ஒண்ணு பேசுங்க" என்று கேட்டேன். ஜெனரேட்டர் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. இதை நன்றாகப் படி, சவரி. எதுவுமே கேட்கவில்லை. காதிலும் இல்லை, மனசுக்குள்ளும் இல்லை. கால் மணி நேரமோ அரை மணி நேரமோ அப்படி இருந்துவிட்டு, முழங்கால் வலிக்கவே எழுந்து வந்தேன்.

நான் வார்டுக்குள் வந்தபோது நீ கண் திறந்திருந்தாய். உன் அம்மா உன் உதட்டைத் துணியால் நனைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் உன் பெரியப்பாவும் ஊரிலிருந்து வந்த ஏழெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். "என்னடா தம்பி, எங்க போன? புள்ள முழிச்சிட்டான்" என்றார் பெரியப்பா. அப்போது என் வாயிலிருந்து அது வந்தது: "ஆண்டவர் பேசினாருண்ணே. அவனை எனக்குக் குடுன்னு கேட்டாரு. குடுத்துட்டேன்." யோசித்து வைத்துச் சொன்னதில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வாக்கியம் முடிவதற்குள்ளேயே அது எதற்கு உதவும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னிடம் வாதாடி ஜெயிக்க முடியாதவன் நான். கடவுளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பெரியப்பா அங்கேயே முழங்காலில் விழுந்தார். உன் அம்மா மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். இருபது வருஷம் என்னோடு வாழ்ந்தவள். அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அது என் கையை மீறிப் போயிற்று என்று சொன்னால் அதுவும் பொய். நான்தான் அதை வளர்த்தேன். அடுத்த ஞாயிறே கோயிலில் சாட்சி சொன்னேன். ஆபிரகாம் தன் ஒரே மகன் ஈசாக்கை மலைக்குக் கூட்டிப்போன கதையைச் சொல்லி, அந்த இடத்தில் என்னை வைத்துக்கொண்டேன். தவக்காலத்தில் பக்கத்துக் கிளைப்பங்குகளிலும் சொல்லக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் கொஞ்சம் பெரிதாயிற்று. முதலில் ஒரு வாக்கியம்தான் பேசியது. பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. இன்னொரு வருஷம் இரண்டு தடவை கூப்பிட்டது. நீ அதற்குப் பிறகு மாட்டு டாக்டர் பேச்சை எடுக்கவே இல்லை. மறுவருஷம் பெட்டியைக் கட்டிக்கொண்டு குருமடத்துக்குப் போனாய். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக நீ என்னைப் பார்க்கவில்லை, அம்மாவை மட்டும் பார்த்தாய். அதை நான் கவனித்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இறையியல் படிக்க ஆரம்பித்த பிறகு லீவுக்கு வந்த நீ வேறு ஆளாக இருந்தாய். உங்கள் பழைய ஏற்பாட்டுப் பேராசிரியர் எருசலேமில் யூத ஆசிரியர்களிடமே போய் எபிரேயம் படித்தவர் என்றாய். அவர் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் எனக்குச் சொன்னாய். வாய்க்கால் கரையில், திராட்சைப் பந்தல் ஓரமாக நாம் நடந்துபோவோம். நீ கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாய். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். ஒருநாள் சீனாய் மலையைப் பற்றிச் சொன்னாய். ஜனங்கள் எல்லாரும் கடவுளின் குரலைக் கேட்டதாகத்தானே வேதம் சொல்கிறது, அவர்கள் உண்மையில் எவ்வளவு கேட்டார்கள் என்பதில் யூத ஆசிரியர்களுக்குள்ளேயே பெரிய வாதம் உண்டு என்றாய். பத்துக் கட்டளையையும் கேட்டார்கள் என்று சிலர், முதல் இரண்டை மட்டும் என்று சிலர். கடைசியில் ஒருவர், அவர்கள் கேட்டது முதல் வார்த்தையின் முதல் எழுத்தை மட்டும்தான் என்றாராம். "அந்த எழுத்துக்குப் பேரு ஆலெஃப்ப்பா. அதுக்குன்னு சத்தமே கிடையாது. பேசறதுக்கு முன்னாடி தொண்டை திறக்குது பாருங்க, அவ்வளவுதான். மத்ததெல்லாம் மனுசன் பொறுப்பெடுத்துச் சொன்னது." நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். என்னைப் பற்றித்தான் சொல்கிறாயோ என்று தோன்றியது. "யூதன் சொல்றது நமக்கு எதுக்குடா?" என்று கத்தினேன். நீ கோபப்படவில்லை. "அது அவுக வீட்டுப் புத்தகம்ப்பா. நாம அங்க விருந்தாளி. வீட்டுக்காரக எப்படிப் படிக்கிறாகன்னு கேக்க வேண்டாமா?" என்றாய்.

அன்று மதியம் சாப்பிடும்போதும் விடவில்லை. ஆபிரகாம் கதைக்கு வந்தாய். அந்த மலையில் கடவுள் சொன்ன வார்த்தைக்கு "மேலே ஏற்று" என்றுதான் பொருள், "அவனை வெட்டு" என்று அவர் சொல்லவே இல்லை என்று ஒரு பழைய உரையாசிரியர் எழுதியிருக்கிறார் என்றாய். ஏற்றினாய் அல்லவா, இப்போது இறக்கு என்று கடவுள் சொன்னாராம். இன்னொன்றும் சொன்னாய். மலைக்கு ஏறும்போது தகப்பனும் மகனும் பேசிக்கொண்டு போகிறார்கள். இறங்கி வரும்போது ஆபிரகாம் வந்ததாக மட்டும்தான் எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு வேதத்தில் எங்கேயும் அந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக இல்லை. நான் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எழுதாட்டிப் பேசலன்னு அர்த்தமா?" என்றேன். அப்போதுதான் அடுப்படியிலிருந்து உன் அம்மா கேட்டாள்: "ஏன்யா, கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி பெத்தவ, அந்தச் சாராகிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாகளா?" நீ சிரித்தாய். "அத அவுகளும் கேட்டிருக்காகம்மா" என்றாய். நான் பாதிச் சோற்றில் கை கழுவ எழுந்தேன்.

பிறகு 2005 வந்தது. அந்த வருஷம் உனக்குத் திருத்தொண்டர் பட்டம். குருப்பட்டத்துக்கு முந்தைய படி. கல்யாணம் செய்துகொள்வதில்லை என்று அதில்தான் வாக்குக் கொடுக்க வேண்டும். மே மாதம் பத்து நாள் வீட்டுக்கு வந்தாய். பத்து நாளும் நீ சரியாகச் சாப்பிடவில்லை. நம் ஊரிலிருந்து முதல் சாமியார் என்று பெரியப்பா கோயிலுக்கு வெள்ளையடிக்க ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் மூன்று மணி வெயிலில், கதவைச் சாத்திவிட்டு வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தாய். "அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு நெசமாவே அவர் பேசினாரா?" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் இப்தாவின் கதையைச் சொன்னாய். போரில் ஜெயித்துத் திரும்பினால் வீட்டிலிருந்து முதலில் எதிரே வருவதை உமக்குத் தருகிறேன் என்று நேர்ந்துகொண்டவன். எதிரே வந்தது மேளம் தட்டிக்கொண்டு ஓடிவந்த அவன் மகள். "அந்த நேர்ச்சைய அவுத்திருக்கலாம்ப்பா. அதுக்கு வழி இருந்துச்சு. தலைமைக் குருகிட்டப் போயி நின்னிருந்தாப் போதும். நான் தலைவன், அவர்கிட்ட நான் ஏன் போகணும்னு இவன் இருந்தான். நான் தலைமைக் குரு, அவங்கிட்ட நான் ஏன் போகணும்னு அவர் இருந்தாரு. ரெண்டு பேரு கௌரவத்துக்கு நடுவுல அந்தப் புள்ள செத்துப்போச்சுன்னு யூத ஆசிரியர்க சொல்றாக." நீ என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாய். "உங்க நேர்ச்சைய அவுக்கச் சொல்லல. அவர் பேசலன்னா பேசலன்னு மட்டும் சொல்லுங்க. நான் உங்கள ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்றாய்.

இதைவிட எளிதாக ஒரு மகன் தகப்பனுக்கு வழி விட முடியாது. நீ கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றாய். நான் மேசை மேலிருந்த வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து, "பேசினாரு. சத்தியமா" என்றேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று இப்போதும் என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஒன்பது வருஷம் சொன்னதை ஒரு மத்தியானத்தில் இல்லை என்று சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. வெளியே பெரியப்பாவின் பேச்சுக்குரல் கேட்டுக்கொண்டிருந்தது. நீ நெடுநேரம் என் கையையே பார்த்தாய். பிறகு, "அப்ப நான் முடியாதுன்னு சொல்லப் போறது உங்ககிட்ட இல்ல. அவர்கிட்ட" என்று சொல்லி எழுந்து போனாய். அடுத்த வாரம் குருமடத்திலிருந்து வெளியே வந்தாய். ஊருக்கு வரவில்லை. குமுளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். நீ என்னை எதிர்த்தாய் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ உன் மனசில் எதைச் சுமந்துகொண்டு போனாய் என்பது எனக்கு உறைக்கவில்லை. கடவுள் வாயைத் திறந்து உன்னைக் கேட்டார், நீ மாட்டேன் என்றாய். அப்படித்தானே இத்தனை வருஷம் நம்பியிருக்கிறாய்?

மறுவருஷம் உன் அம்மாவுக்கு வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போயிற்று. நீ சனி ஞாயிறுகளில் வந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டுவாய், தலை வாரிவிடுவாய். அப்படி ஒரு சனிக்கிழமை பெரியப்பா பார்க்க வந்தார். கட்டில் ஓரத்தில் நின்று, "ஆண்டவருக்குன்னு குடுத்தத திருப்பி எடுத்தா வீட்டுல இப்படித்தான் நடக்கும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நான் சொன்னதை நம்பியவர், அவ்வளவுதான். உன் கையிலிருந்த கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. உன் அம்மா என்னைப் பார்த்தாள். இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தாள். மறுபடி அடித்தாள். கண்ணை என்னை விட்டு எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தாள். அவள் என்ன சொல்கிறாள் என்று அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நான் அவள் வாயைத் துடைத்துவிட்டு, "ஆத்தாவுக்குத் தண்ணி வேணும்போல, எடுத்துட்டு வாடா" என்று உன்னை அனுப்பினேன். ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யைவிட, வேதத்தின் மேல் கை வைத்துச் செய்த சத்தியத்தைவிட, அந்தத் தண்ணீர்தான் நான் செய்ததில் பெரிய பாவம். இரண்டு வருஷம் அவள் அப்படியே கிடந்தாள். என்னை வெறுக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் நான் ஊட்டினால் வாய் திறக்க மாட்டாள். நீ ஊட்டினால்தான்.

அவளை அடக்கம் செய்த பிறகு தேனிக்குப் போய், முகம் தெரியாத ஒரு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னிப்புக் கிடைத்தது. பஸ் ஏறி ஊருக்கு வந்து இறங்கும்போது, போனபோது இருந்த அதே பாரம் அப்படியே இருந்தது. அது ஏன் என்று எனக்குத் தெரியும், நீதான் முன்பு ஒரு லீவில் சொல்லியிருந்தாய். வருஷத்தில் ஒருநாள் யூதர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மன்னிப்புக் கேட்பார்கள். கடவுளுக்கு எதிராகச் செய்ததை அந்த நாள் கழுவும். மனுஷனுக்கு எதிராகச் செய்ததைக் கழுவாது. அதற்கு அந்த மனுஷனிடமே போய் நிற்க வேண்டும் என்று. அன்று இது கறாரான மதமாக இருக்கிறதே என்று நான் சிரித்தேன்.

போன ஞாயிறு உன் ஓலையை முதல் முறை வாசித்தார்கள். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்" என்று சாமியார் சொன்னதும், கோயிலில் பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று சாயங்காலம் நீ போன் பண்ணினாய். மண்டபம், சாப்பாடு, பெண் வீட்டில் லிசியின் அப்பா அம்மா வருவது என்று பேசிக்கொண்டே வந்து, சட்டென்று நிறுத்தி, "அப்பா, லிசிக்கு ஏதாச்சும் ஆயிருமா?" என்று கேட்டாய். எனக்கு முதலில் புரியவில்லை. "அம்மாவுக்கு ஆன மாதிரி" என்றாய். ஒண்ணும் ஆகாது என்று சொன்னேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் மறுபடி உங்ககிட்டப் பேசினாரா?" என்றாய். கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நீ நிஜமாகவே கேட்டாய். முப்பத்தொரு வயதில், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவன், இவ்வளவு படித்தவன், உன்னைக் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணைக் கடவுள் அடித்துவிடுவாரோ என்று பயந்துகொண்டிருக்கிறாய். அந்தக் கடவுளை உனக்குச் செய்து கொடுத்தவன் நான்.

வியாழக்கிழமை நான் உன்னைப் பார்க்க வந்தது அதைச் சொல்லத்தான். சும்மா வந்தேன் என்றேன். லோயர் கேம்ப்பிலிருந்து மலை ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பள்ளிக்கூட வாசலில் நீ சிரித்துக்கொண்டே வந்தாய். எதிர்க்கடைக்குக் கூட்டிப்போய்ச் சாயா வாங்கிக் கொடுத்தாய். "என்னப்பா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாய். "வளைவுல தலை சுத்திருச்சு" என்றேன். லிசியும் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்தாள். "அச்சன் ஊணு கழிச்சோ?" என்று மலையாளத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்று திருத்திக் கேட்டாள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

இன்று காலை இரண்டாம் ஓலை. உன் பெயரையும் லிசியின் பெயரையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் முடிப்பதற்குள் உன் பெரியப்பா எழுந்தார். "சாமி, தப்பா எடுத்துக்கிறாதீக. இவன் ஆண்டவருக்குக் குடுத்த புள்ள. ஊருக்கே தெரியும். தகப்பன் இங்கனதான் இருக்கான், கேட்டுக்கங்க" என்றார். சாமியார் புதிதாக வந்தவர், என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். "தடை ஒண்ணும் இல்ல சாமி. ஆண்டவர் எங்கிட்டப் பேசல. நான்தான் பேசினாருன்னு சொன்னேன்" என்றேன். யாருக்கும் புரியவில்லை. பெரியப்பா, "ஏலே, என்ன சொல்ற?" என்றார். நான் மறுபடி சொன்னேன். ஜெனரேட்டர் கொட்டகையைச் சொன்னேன். பதினாலு வருஷமாகச் சொன்ன சாட்சியில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை என்றேன். வேதத்தின் மேல் கை வைத்ததைச் சொன்னேன். கட்டிலில் உன் அம்மா சட்டத்தை அடித்ததைச் சொன்னேன். "அவளுக்கு வந்தது ரத்தக்கொதிப்பு. எம்புள்ள செஞ்ச எதுனாலயும் இல்ல" என்றேன்.

பெண்கள் பக்கத்தில் யாரோ அழுதார்கள். "இத நம்பி நான் எம்மகளக் கன்னியர் மடத்துக்கு அனுப்பினேனே வாத்தியாரே" என்று ஒருத்தி சத்தமாகக் கேட்டாள். அவள் யாரென்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவளுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும், அவள் வீட்டுக்கும் போக வேண்டும். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார். வாசலில் நின்று, "அன்னைக்கு நான் முழங்கால் போட்டேனடா" என்று மட்டும் சொன்னார். சாமியார்தான் பூசை உடுப்போடு இறங்கி வந்து என்னை உட்காரவைத்தார். மறைக்கல்வி வகுப்புச் சாவியை அவர் கேட்கவில்லை. நானே கொடுத்துவிட்டேன்.

சவரி, உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கல்யாணம் கட்டப்போகும் மகனுக்குத் தகப்பன் எதையாவது சொல்ல வேண்டும் அல்லவா? நான் கெட்டுப்போன இடத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். ஆண்டவரின் பெயரை வீணாகச் சொல்லாதே என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கட்டளையில், எபிரேயத்தில் "சொல்லாதே" என்று இல்லை, "தூக்காதே" என்றுதான் இருக்கிறது என்று நீ ஒரு தடவை சொன்னாய். உன் வேலையை முடித்துக்கொள்ள அவர் பெயரைத் தூக்கிக்கொண்டு போகாதே என்று பொருளாம். நாளைக்கு உன் பிள்ளை உன்னோடு வாதாடும். நீ தோற்கிற இடம் வரும். அப்போது தோற்றுப் போ. அப்பாவுக்கு இது வேண்டும், அப்பாவுக்கு ஆசை, அப்பாவுக்குப் பயம் என்று உன் பெயரிலேயே கேள். மறுக்கிற உரிமை அந்தப் பிள்ளைக்கு இருக்கட்டும். லிசியிடமும் அப்படியே. அவள் மௌனமாக இருந்தால் ஒத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொள்ளாதே, நான் உன் அம்மாவின் மௌனத்தை எடுத்துக்கொண்ட மாதிரி.

கடவுள் உன்னை ஒருபோதும் கேட்கவில்லை, நீ மறுக்கவும் இல்லை. உனக்கும் அவருக்கும் நடுவில் பாக்கி எதுவும் கிடையாது. உன் அம்மாவின் உடம்புக்கும் உன் முடிவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை லிசிக்கும் படித்துக் காட்டு. அவர் உண்மையில் யார், எப்போது பேசுவார், பேசுவாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்வதை இன்று காலையோடு விட்டுவிட்டேன். நீ அந்த எபிரேயப் புத்தகங்களை எல்லாம் அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருக்கிறாய் என்று லிசி சொன்னாள். உனக்கு மனசிருந்தால் பிரித்துப் பார். என் பொய்யினால் நீ அவற்றை இழக்க வேண்டாம்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மன்னித்தே ஆக வேண்டும் என்று கேட்கவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கல்யாணத்தன்று கோயிலில் மாப்பிள்ளையின் தகப்பன் என்று எனக்கு ஒரு இடம் போட்டிருப்பாய். இதைப் படித்த பிறகும் அந்த இடம் இருக்கிறதா? இருந்தால் வருகிறேன். இல்லையென்றால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடு. நான் ஊரில் யாரிடமும், எனக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் போகவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்பா